ஊமை முனை

அத்தியாயம் 4

பேபிக்கு அன்றைக்கு இரண்டு கவலைகள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஓர் உளவாளியைப் பிடித்தாக வேண்டும் என்பது ஒன்று. தீபாவளிக்கு ஆறே நாள் இருக்க, தைக்கக் கொடுத்த ரவிக்கை இன்னும் கைக்கு வரவில்லை என்பது இன்னொன்று. உளவாளியாவது எங்கேயாவது அகப்படுவான், டெய்லர் அகப்பட மாட்டான் என்பது அவளுடைய அனுபவம்.

மணவாளன் துப்பறியும் நிலையம் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்தது. முதலாளி மணவாளன், உதவியாளர் பேபி, ஒரு மண்பானை, அவ்வளவுதான் நிலையம். மணவாளன் மழை பெய்தாலும் கறுப்புக் கண்ணாடி போடுவார். வழக்கு என்று வந்துவிட்டால் புத்தகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சொந்தத் தமிழ் வெளியே வரும். பேபி எட்டு வருஷம் தொழிற்பேட்டையில் ஸ்க்ரூ கம்பெனியில் நின்றவள். ஸ்க்ரூ பொறுக்குவதும் துப்பறிவதும் ஒரே வேலைதான், சொத்தையைத் தூக்கிப் போட்டால் மிச்சம் தானாக நிற்கும் என்பாள்.

மூன்று மணிக்கு இருவரும் திருமுல்லைவாயிலில் திருவேங்கடத்தின் மொட்டை மாடியில் நின்றார்கள். திருவேங்கடம் ஆவடியில் ஒரு பாக்டரியில் ராத்திரி ஷிப்ட் ஃபிட்டர். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ரேடியோ. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ரேடியோப் பைத்தியங்களோடு ‘டிட் டா’ என்று மோர்ஸ் தட்டிப் பேசுகிறவர். கரண்டில் இரைச்சல் வரும் என்று செட்டை பேட்டரியில்தான் ஓட்டுவார். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைதான் அவருக்குக் கோயில். ஐந்து மணிக்கு எஸ்.ஐ. லோகநாதன் வந்து அந்தக் கோயிலுக்கு சீல் வைக்கப் போகிறார்.

“நானே போயி சொன்னேன் சார்,” என்றார் திருவேங்கடம். “தாழ்ந்த அலைவரிசைல எவனோ தெனமும் மோர்ஸ் அடிக்கிறான், பக்கத்துல மிலிட்டரி கேம்ப் கீது, உளவாளியா இருக்கப் போறான்னு நானே எழுதிக் குடுத்தேன். எஸ்.ஐ. விசாரிச்சாரு. இந்தச் சுத்து வட்டாரத்துல மோர்ஸ் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தானாம். அது நானாம். அஞ்சு மணிக்குள்ள வேற ஆளக் காட்டு, இல்லன்னா செட்டு ஆன்டெனா எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடுவேன்றாரு.”

“நீங்களே போயி உங்க பேரைக் குடுத்துட்டு வந்தீங்களா? ரேசன் கடையிலகூட இவ்ளோ சீக்கிரம் பேரு ஏறாதே சார்,” என்றாள் பேபி.

“பேபி,” என்று மணவாளன் அதட்டினார். “ஐயா, தாங்கள் அந்த ஆன்டெனாவை விளக்குங்கள்.”

திருவேங்கடத்தின் முகம் மலர்ந்தது. பழைய மேஜை விசிறி ஒன்றின் அடிப்பாகத்தில், விசிறி இருக்க வேண்டிய இடத்தில், முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கட்டு படுத்திருந்தது. உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் வயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்த பதினாறு ஃபெரைட் ராடுகள். ஆறு வருஷம் பழைய ரேடியோ சாமான் விற்கும் ரிட்சி தெருவில் அலைந்து சேர்த்தவை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, மேலே மெல்லிய செம்புக் கம்பியை வரிவரியாகச் சுற்றியிருந்தார்.

“தாழ்ந்த அலைவரிசை கேக்கணும்னா நம்ம தெரு நீளத்துக்குக் கம்பி கட்டணும் சார். தெருவ யாரு குடுப்பா? அதான் இது. ஃபெரைட்டு அலைய இழுத்துக் குடிக்கும். அலை பக்கவாட்டுல வந்தா சோக்கா கேக்கும். ஆனா ராடோட முனை அனுப்புற ஆள நேரா பாத்துச்சுன்னா சத்தம் அப்டியே செத்துரும். நான் அதுக்கு ஊமை முனைன்னு பேரு வெச்சிகிறேன். எங்க ஊமையாவுதோ அந்தப் பக்கம் ஆளு.”

“எங்க மாமியாரு மாதிரி. நேரா பாத்தா பேசாது, பக்கத்துல திரும்பி நின்னுகினு ஊருக்கே கேக்குற மாதிரி பேசும்,” என்றாள் பேபி.

அப்போது திருவேங்கடத்தின் மனைவி வரலட்சுமி காப்பியும் தட்டில் வடையும் சட்னியுமாக மாடிக்கு வந்தாள். பேபி சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்ததும் நிமிர்ந்தாள்.

“அம்மியில அரைச்சதா அக்கா?”

“வேற எதுல அரைக்க?” என்றாள் வரலட்சுமி. கணவனைப் பார்க்காமல் சொன்னாலும் அது கணவனுக்குத்தான். அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்ததை பேபி பார்த்தாள். தோளில் மஞ்சள் நூல் ஒன்று ஒட்டியிருந்ததையும் பார்த்தாள்.

“இந்த ஊட்ல மிக்சி கெடையாது, டியூப் லைட்டு கெடையாது, மோட்டார் வெச்ச எதுவுமே கெடையாது,” என்றார் திருவேங்கடம் பெருமையாக. “எல்லாம் ரேடியோல கர்ர்னு இழுக்கும். பதினோரு வருசமா சுத்தமா வெச்சிகிறேன்.”

“நான் கன்னியம்மா ஊட்டாண்ட போயிட்டு வரேன்,” என்று வரலட்சுமி பொதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். கன்னியம்மா வீடு பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம். தினமும் மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள் என்று திருவேங்கடம் அலுத்துக்கொண்டார்.

வடை தீர்ந்து, மணவாளன் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரேடியோ இருமியது. கர், கர், கர், கர் என்று நாலு சின்னதாக. கொஞ்சம் விட்டு இன்னும் இரண்டு. அப்புறம் கர்ர்ர்ர் என்று நீளமாக ஒன்று.

“வந்துட்டான்,” என்று திருவேங்கடம் கிசுகிசுத்தார். “பழைய காலத்து ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர் சார் இது. டோனப் பாருங்க. நாப்பது வருசமா உலகத்துல எவனும் அடிக்கிறதில்ல. அதான் யாருக்கும் சந்தேகம் வராதுன்னு அதுல அடிக்கிறான்.”

அவர் விசிறி அடிப்பாகத்தை மெல்லத் திருப்பினார். சத்தம் தேய்ந்தது, தேய்ந்தது, ஓர் இடத்தில் சுத்தமாக அடங்கியது. கறுப்புக் கட்டின் ஒரு முனை நேர் மேற்கே, ஆவடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

“கேம்ப்,” என்றார் மணவாளன். கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் கண் விரிந்ததை பேபி ஊகித்துக்கொண்டாள்.

திருவேங்கடம் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். மூன்று வாரமாகக் கேட்டதெல்லாம் அதில் தேதியும் நேரமும் போட்டு, புள்ளியும் கோடுமாக இருந்தது. “ஒரே செய்திதான் சார் திருப்பித் திருப்பி வருது. நாலு புள்ளி, அது ஹெச். ரெண்டு புள்ளி, ஐ. ஒரு கோடு, டி. ஹிட். ஹிட்டுன்னா அடி. அப்பால ரெண்டு கோடு எம், இன்னும் ரெண்டு கோடு எம். எம்.எம்.னா இன்னா? மெட்ராஸ் மெயில். ரயில அடிக்கப் போறான் சார். ஐப்பசி பொறந்ததுலேந்து செய்தி மூணு மடங்கு ஆயிடுச்சி. யுத்தமே வரப் போவுதுன்னு நெனைக்கிறேன்.”

“நடுவுல நாலு நிமிசம் ஒரே கோடா இழுத்துகினு போவுதே, இது இன்னா சார்?” என்று நோட்டைப் பார்த்து பேபி கேட்டாள்.

“அது எனக்கே புரியல. கப்பல் படை சங்கேதமா இருக்கலாம்.”

மணவாளன் எழுந்து நின்றார். “பேபி, புறப்படு. மேற்குத் திசையில் நேர்கோட்டில் செல்வோம். எதிரி அந்தக் கோட்டின் மீதுதான் இருக்கிறான்.”

மணி நாலே கால். திருவேங்கடம் தன் சட்டைப்பை டிரான்சிஸ்டரை பேபியிடம் கொடுத்தார். அதற்குள்ளும் ஒரு குட்டி ஃபெரைட் ராடு உண்டு, ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டால் போதும் என்றார். பேபி அதைக் காதோரம் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. நேர்கோட்டில் செல்வோம் என்று வாயால் சொல்லிவிட்ட மணவாளன் அந்த வாக்கைக் காப்பாற்ற இரண்டு குட்டைகளில் இறங்கி ஏறினார். ஒரு சாணிக் குவியல் வந்தபோது மட்டும் கோடு சற்று வளைந்தது.

“சாரு, சத்தம் கம்மியாவுது.”

“எதிரி நம்மைக் கவனித்துவிட்டான். சக்தியைக் குறைக்கிறான்.”

இன்னும் ஐம்பது அடி போனார்கள். “இன்னும் கம்மியாவுது சாரு.”

“பயந்துவிட்டான்.”

“இப்டியே போனா ஆவடில அவன் செத்தே போயிருப்பான் சாரு.”

இரண்டு தெரு தள்ளி, அதே நேர்கோட்டில், வேம்புலியின் மாவு மில் இருந்தது. வாசலில் நாலைந்து பெண்கள் தூக்குச் சட்டியோடு முறுக்கு மாவுக்குக் காத்திருந்தார்கள். மில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, டிரான்சிஸ்டர் உர்ர் என்று உறுமியது. மணவாளனுக்கு அது போதும். நேரே உள்ளே போய், உடம்பெல்லாம் மாவு பூசிக்கொண்டு வெள்ளையாக நின்ற வேம்புலியின் தோளில் கை வைத்தார்.

“டிரான்ஸ்மிட்டர் எங்கே?”

“எத்தினி கிலோ?” என்று கேட்டார் வேம்புலி. இரைச்சலில் அவருக்கு யார் பேசினாலும் ஒரே பதில்தான்.

மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஜாடை காட்ட வேண்டியதாயிற்று. நிறுத்தினார். டிரான்சிஸ்டரில் உறுமல் போனது. ஆனால் அதற்கு அடியில், எங்கோ தூரத்தில், கர் கர் என்று நம்ம ஆள் பாட்டுக்கு ரயிலை அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். வேம்புலி கையில் சல்லடைதான் இருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் மணவாளனைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“தப்பா நெனைச்சிக்காத அண்ணாத்தே,” என்றாள் பேபி. “சாருக்கு மாவுன்னா கொஞ்சம் ஆசை.”

“சீக்கிரம் உடும்மா. நேத்தே கரண்டு புடுங்கிட்டான். ரெண்டு பத்துக்குப் போயி மூணு அஞ்சுக்குத்தான் வந்துது. அத்தினி சட்டியும் தேங்கிப் போச்சு.”

பேபி வாசல் படியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த திருவேங்கடத்தின் நோட்டைப் புரட்டினாள். நேற்றைய தேதி. இரண்டு பத்துக்கு, ஹிட் என்று வந்து எம் வருவதற்குள் செய்தி பாதியில் அறுந்திருந்தது. மூன்று ஐந்துக்கு விட்ட இடத்திலிருந்து எம்.எம். வந்திருந்தது. ஸ்க்ரூ கம்பெனியில் மறை கழன்ற ஸ்க்ரூ ஒன்று விரலில் தட்டிய மாதிரி இருந்தது.

“சாரு, கரண்டு போனா நின்னு போவுற உளவாளிய எங்கனா பாத்துகிறியா? பேட்டரி வாங்கக்கூட வக்கில்லாத நாட்லேந்தா அனுப்பிகிறாங்க?”

பேபி டிரான்சிஸ்டரை மடியில் படுக்க வைத்துத் திருப்பினாள். ஓர் இடத்தில் சத்தம் செத்தது. ஒரு பக்கம் ஆவடியைப் பார்த்தது. அவள் இன்னொரு பக்கத்தைப் பார்த்தாள். அது வந்த வழியைப் பார்த்தது.

“இந்த ராடுக்கு எத்தினி முனை சாரு?”

“இரண்டு.”

“நாம எத்தினிய பாத்தோம்?”

மணவாளன் கண்ணாடியை மறுபடி கழற்றினார். புத்தகத் தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது. “அடச்சே. பின்னாடியும் ஊமைதானே. அந்தாளு படிச்ச ஆளாச்சே, அவனுக்குத் தெரியாதா இது?”

“தெரியும். பின்னாடி அவுரு ஊடுதானே கீது. அவுரு ஊட்லதான் மோட்டாரே கெடையாதே. அதனால அந்தப் பக்கம் திரும்பியே பாக்கல.”

சொல்லிக்கொண்டே பேபி நோட்டைப் பார்த்தாள். நாலு சின்னது. ரெண்டு சின்னது. ஒரு நீளம். ரெண்டு நீளம். இன்னும் ரெண்டு, அதைவிட நீளம். ஒவ்வொரு தடவையும் இதே வரிசை, இடையில் கொஞ்சம் ஓய்வு, மறுபடி இதே வரிசை. ஐப்பசி பிறந்ததும் மூணு மடங்கு. அவள் விரல் தானாக எழுந்து, தன் மார்பின் மடிப்பைத் தொட்டது, தோளைத் தொட்டது, கழுத்தைச் சுற்றியது, கைக்கு வந்தது, விலாவுக்கு இறங்கியது. வரிசையில் நின்ற பெண்கள் இவளுக்கும் மாவு மேல் ஆசை போல என்று நகர்ந்து நின்றார்கள்.

பேபி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“எந்திரி சாரு. ஓடு. மணி அஞ்சாவப் போவுது.”

ஓடினார்கள். இந்தத் தடவை குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு தெரு முனையிலும் டிரான்சிஸ்டர் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. கன்னியம்மா வீட்டு மதிலை நெருங்கியபோது காதோரம் வைக்க முடியவில்லை. திருவேங்கடத்தின் வாசலில் எஸ்.ஐ.யின் புல்லட் நின்றிருந்தது.

மாடியில் எஸ்.ஐ. லோகநாதன் கையில் அரக்குக் குச்சி வைத்திருந்தார். திருவேங்கடம் தன் பதினாறு ராடுக் கட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லாத மனிதர் அவர்.

“ஆளு கெடைச்சிடுச்சி சார்,” என்றாள், மூச்சு வாங்க. “அந்த அரக்க உள்ள வெச்சிடுங்க.”

“யாரு?”

“மொதல்ல செய்தியச் சொல்றேன். நாலு சின்னது, ரவிக்கைக்கு முன்னாடி புடிக்கிற நாலு டக்கு. ரெண்டு சின்னது, ரெண்டு தோளு. ஒரு நீளம், கழுத்து. ரெண்டு கோடு, ரெண்டு கை ஏத்துறது. கடைசி ரெண்டு கோடு, ரெண்டு பக்க விலா மூட்டுறது. ரயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெனமும் ஏழெட்டு ரவிக்கை. அந்த நாலு நிமிசக் கோடு பாவாடையோட ஓரம். மோட்டார் வெச்ச தையல் மிசினு சார், கால அழுத்தினா ஓடும், எடுத்தா நிக்கும். தீபாவளி வந்தா யுத்தம் வராம இன்னா பண்ணும்?”

“யாரு தெய்க்கிறது?” என்று திருவேங்கடம் கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் கையில் இருந்த கட்டின் இன்னொரு முனை எங்கே பார்க்கிறது என்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா வீட்டு ஜன்னல்.

பேபி மாடி ஓரத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். வரலட்சுமி கழுத்தில் இஞ்சு டேப்போடு மேலே வந்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“ஆமா. நான்தான். மிசினு எங்க அண்ணன் குடுத்துது. இங்க வெச்சா கர்ர்னு கேக்கும்னு அங்க வெச்சேன். பத்தடி தள்ளி வெச்சா கேக்காதுன்னு நெனைச்சேன். நீங்க ஆறு வருசம் ராடு பொறுக்கிச் சேப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?”

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார். “வாயால சொன்னா ஆச்சா? நாளைக்கு மேலிடத்துல கேப்பாங்க. அந்த மிசினத் தூக்கி ஸ்டேசன்ல வெச்சி...”

“தூக்குங்க,” என்றாள் வரலட்சுமி. “உங்க ஊட்டம்மா குடுத்த மூணு ரவிக்கையும் அதுமேலதான் கீது. ஒண்ணுக்கு இன்னும் கை ஏத்தல. அப்டியே எடுத்துகினு போயி குடுத்துடுங்க.”

எஸ்.ஐ. லோகநாதன் பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இரண்டு முறை கத்திக் குத்து வாங்கியவர். அப்போதெல்லாம் அவர் முகம் இப்படிப் போகவில்லை. தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“மிசினு இருக்கட்டும். இங்கேந்து கேட்டா போதும். நீ போயி அந்தக் கைய ஏத்தும்மா. ரெண்டையும்.”

வரலட்சுமி போனாள். திருவேங்கடம் ராடுக் கட்டை மறுபடி விசிறி அடிப்பாகத்தில் வைத்தார், செட்டைப் போட்டார். எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். கர்ர்ர். கர்ர்ர். இரண்டு கை. கொஞ்சம் விட்டு, கர்ர்ர்ர்ர், கர்ர்ர்ர்ர் என்று இரண்டு விலா.

“சரி,” என்றார் எஸ்.ஐ., அரக்கைப் பையில் போட்டுக்கொண்டு. “நான் எழுதி முடிச்சிடறேன். உளவாளி இல்லன்னு.”

வழக்கு அதோடு முடிந்தது என்றுதான் பேபியும் நினைத்தாள். மணவாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊமை முனையைத் தாம் முதலிலிருந்தே சந்தேகித்ததாக ஆரம்பித்தார். அப்போது ரேடியோ மறுபடி பேசியது. இந்தத் தடவை அது ரவிக்கை இல்லை. கோடும் புள்ளியும் அளவெடுத்த மாதிரி, நிதானமாக விழுந்தன. திருவேங்கடத்தின் கை பழக்கதோஷத்தில் பென்சிலைத் தேடியது. ஓர் எழுத்து எழுதினார். இரண்டாவது எழுதினார். மூன்றாவதில் பென்சில் நின்றது.

“இன்னா சார்?” என்றாள் பேபி.

“மோர்ஸ். நெஜ மோர்ஸ்.” திருவேங்கடம் பென்சிலைக் கீழே வைத்தார். “கல்யாணமான புதுசுல நான் பரீட்சைக்குப் படிச்சேன். அவதான் எதிர்ல புக்க வெச்சிகினு, நான் தட்டத் தட்ட சரியா தப்பான்னு பாப்பா. மறந்திருப்பான்னு நெனைச்சேன்.”

“ரகசியச் செய்தியா?” என்று எஸ்.ஐ. மறுபடி அரக்கைத் தொட்டார்.

“இல்ல சார்.” திருவேங்கடம் காகிதத்தைப் பார்த்தார், மதிலுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் கீழே அம்மியில் அரைத்த சத்தம் அவருக்கு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதுவும் அவர் ஊமை முனையில்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மிக்சி வேணுமாம்.”

திருவேங்கடம் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். “ஆவடி பஜார்ல கடை எத்தினி மணி வரைக்கும் தெறந்திருக்கும் சார்?”

“தீபாவளி டயம், ஒன்பது ஆவும். வாங்க, புல்லட்ல எறக்கி உடறேன்,” என்றார் எஸ்.ஐ.

அவர்கள் படியில் இறங்கிப் பாதி போயிருப்பார்கள். ரேடியோ மறுபடி தட்ட ஆரம்பித்தது. திருவேங்கடம் நின்று, தலையைச் சாய்த்து, உதடு அசையக் கேட்டார்.

“இன்னாவாம்?” என்று பேபி மேலேயிருந்து கேட்டாள்.

“மூணு ஜாரு வெச்சதா வேணுமாம்.”